விக்கலுக்கும் மருந்து இருக்கிறது: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலைகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றின் விடுதிகளுக்குப் பொறுப்பான மருத்துவ நிபுணர்களுக்கும்,

என் தந்தையின் சிகிச்சை பற்றி நான் எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. அவருடைய புற்றுநோய்க்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது என்கிறது முதல் பத்தி. விக்கல் உயிருக்கு ஆபத்தான அறிகுறி அன்று, ஆகவே அது தொடர்பில் விசேட நடவடிக்கை தேவைப்படவில்லை என்கிறது இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தியில் அனுதாபம்.

முதல் பத்தியோடு எனக்கு வழக்கில்லை. சத்திரசிகிச்சை, கீமோதெரபி, ஏற்றிய இரத்தம் எல்லாம் அப்பாவுக்கு அரச செலவில்தான் கிடைத்தன. தனியார் வைத்தியசாலையில் என்றால் வீட்டை விற்றும் போதியிருக்காது. இந்த நாட்டின் இலவச சுகாதார சேவையை யாராவது ஏளனமாகப் பேசினால் முதலில் எதிர்த்துப் பேசுபவள் நான்தான். அந்த உரிமையோடுதான் உங்கள் இரண்டாவது பத்தியை ஏற்க மறுக்கிறேன். அது ஏதோ ஒரு எழுதுவினைஞரின் கை தவறி விழுந்த வசனம் என்றால் விட்டிருப்பேன். அதே வசனத்தை வாட்டில் டொக்டர் சொல்லக் கேட்டேன், தாதி சொல்லக் கேட்டேன், தரை துடைக்க வந்தவர் சொல்லவும் கேட்டேன். விக்கல்தானே!

அப்பா கொட்டாஞ்சேனைவாசி. ஓய்வு பெறும்வரை ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர். ஜாம் போத்தல் லேபிளில் ஒற்றுப் பிழை கண்டாலும் பேனாவைத் தேடுவார். அவருக்கு இரைப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது ஈரலுக்கும் பரவியிருந்தது. உணவு இறங்குவதற்கு வழி செய்து ஒரு சத்திரசிகிச்சை நடந்தது, அதன்பின் கீமோதெரபி. முதல் தடவை மருந்து ஏற்றிய மறுநாள் மாலை விக்கல் தொடங்கியது. சில நாளில் தானாக அடங்கியது. அடுத்த தடவையும் அப்படியே வந்தது, போனது. அதற்குப் பிறகு வந்தது போகவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு விக்கல் வந்து ஒரு மிடறு தண்ணீரில் நின்றுவிடும் உடம்போடு இருப்பவர்களுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.

அவருடைய வயிற்றில் தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் அந்த இடம் உள்ளிருந்து இழுபடும். அதனால் தலையணையை வயிற்றோடு சேர்த்து இரு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கரண்டி கஞ்சியை வாயில் வைத்தால், அது இறங்குமா அடுத்த விக்கலோடு மூக்கால் வருமா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் காத்திருப்போம். பிறகு அவர் கரண்டியைக் கண்டாலே தலையை ஆட்டத் தொடங்கினார். நோய் தின்றது போக மிச்சமிருந்த உடம்பை இந்தப் பட்டினி தின்றது. இரவில் கண் அயர்ந்தால் விக்கலும் அயரும் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் விக்கல் தூக்கத்திலும் நிற்கவில்லை. அதுவே அவரை எழுப்பிவிடும். அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தவர்களும் எழும்புவார்கள். அதற்காக அவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்பார். அந்த மன்னிப்பையும் இரண்டு துண்டாகத்தான் கேட்க முடிந்தது.

மட்டக்களப்பிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழைத்தால் அப்பா கையால் வேண்டாம் என்று காட்டுவார். ஆயுள் முழுவதும் மற்றவர்களின் வசனங்களைச் செப்பம் செய்தவருக்குத் தன் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வரவில்லை என்பது, வயிற்று வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. இதை நான் ஊகித்து எழுதவில்லை. ஒரு பழைய கொப்பியில் அவரே எழுதிக் காட்டினார்.

உங்கள் வாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. காலையில் தாதி மிஸ் வந்து, வலி எவ்வளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்பார். தனக்குத் தெரிந்த தமிழில், அன்பாகவே கேட்பார். அப்பா இரண்டு விரலைக் காட்டுவார். மிஸ் தாளில் 2 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் அப்பா மூன்று தடவை விக்கியிருப்பார். அந்த மூன்றையும் எழுதுவதற்குத் தாளில் இடமில்லை. நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவள். தலைப்பு இல்லாத செலவு பேரேட்டில் ஏறாது, ஆனால் பெட்டியில் காசு குறைந்துகொண்டே போகும். உங்கள் தாளிலும் அதுதான் நடக்கிறது.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கடும் நோயாளரின் அறிகுறிகளை அளக்க உலகெங்கும் பயன்படும் எட்மன்டன் அளவுகோல் 1991இல் கனடாவில் வெளிவந்தது. வலி, களைப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம், மனச்சோர்வு, பதற்றம், பசி, மூச்சுத் திணறல், பொதுவான நலம் என்று ஒன்பதை அது கேட்கிறது. விக்கல் அந்த ஒன்பதில் இல்லை. நோயாளி வேறு ஏதாவது சொன்னால் எழுத ஒரு வெற்று வரி மட்டும் உண்டு. சரி, அந்த வெற்று வரியையாவது நிரப்பலாம் அல்லவா?

விக்கல் தொண்டையில் நடக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். அது தொடங்கும் இடம் வேறு. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் பிரிமென்றகடு திடீரென்று சுருங்குகிறது. காற்று உள்ளே பாய்கிறது. ஒரு கணத்துக்குள் குரல்வளை வாய் மூடிக்கொள்கிறது. அந்த மூடலின் சத்தம்தான் நமக்குக் கேட்பது. பிரிமென்றகட்டுக்குப் போகும் நரம்பு, இரைப்பை முதல் மூளைவரை நீளும் வேகஸ் நரம்பு, மூளைத்தண்டு ஆகியன சேர்ந்த ஒரு சுற்று இது. இந்தச் சுற்றில் எங்கே உறுத்தல் ஏற்பட்டாலும் விக்கல் வரலாம். இரைப்பை உப்பினாலும் வரும். ஈரல் வீங்கிப் பிரிமென்றகட்டை முட்டினாலும் வரும். சிறுநீரகம் செயலிழந்து இரத்தத்தில் யூரியா ஏறினாலும், சோடியம் குறைந்தாலும் வரும். மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கினால் வரும். புற்றுநோயாளருக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளாலும், வாந்தியைத் தடுக்கவும் பசியைத் தூண்டவும் கொடுக்கப்படும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டாலும் வரும். 48 மணித்தியாலத்தைத் தாண்டினால் அதைத் தொடர் விக்கல் என்றும், ஒரு மாதத்தைத் தாண்டினால் தீரா விக்கல் என்றும் மருத்துவம் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. வகைப்படுத்தியிருக்கிறது என்றால் யாரோ அதைப் பொருட்படுத்தியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆகவே உயிருக்கு ஆபத்தில்லை என்று உங்கள் கடிதம் சொல்வது முழு உண்மையும் அன்று. சில நோயாளரில் விக்கலே ஆபத்தின் முதல் அறிவித்தலாக இருக்கலாம். ஏன் விக்குகிறது என்று யாரும் தேடாவிட்டால் ஆபத்தில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தேடவில்லை. அதற்குப் பதிலாக நடந்தவற்றைச் சொல்கிறேன். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சீனி தின்னச் சொன்னார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள், அதுவும் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்த மனிதரிடம். ஒரு சிற்றூழியர் பின்னால் வந்து காதருகே படாரென்று கை தட்டினார். அதிர்ச்சி கொடுத்தால் நிற்குமாம். அப்பா நடுங்கிப்போய்த் தலையணையை விட்டுவிட்டுத் தையலைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் உதவத்தான் வந்தார். அவரைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களும் அவருடைய வைத்தியத்துக்கு மேல் எதையும் தரவில்லை என்பதுதான் பிரச்சினை. விழுங்கும் சக்தி குறைந்த நோயாளிக்கு விக்கலுக்கென்று தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம் என்று எந்த வாட்டிலும் எழுதிப் போட்டிருக்கக் காணோம்.

எங்கள் சனத்துக்கும் இதில் பங்குண்டு. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், யாரோ உங்களை நினைக்கிறார்கள் போல என்று சிரித்தார்கள். மற்றப் பாதி சிரிக்கவில்லை. சாவுக்கு முன் விக்கல் வரும் என்று நம் முன்னோர் பாடியே வைத்திருக்கிறார்கள். என் அத்தை வாட்டுக்கு வெளியே போய் நின்று, கடைசி விக்கல் தொடங்கிவிட்டது என்று வெளியூர் உறவுகளுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். சிரிக்க வேண்டிய ஒன்று, அல்லது விதி. இரண்டுக்கும் நடுவில், இது மருத்துவம் பார்க்க வேண்டிய துன்பம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. படித்த மருத்துவர்களும் இந்தச் சமூகத்திலிருந்துதானே வருகிறார்கள்.

பத்திரிகைகளையும் விடுவதற்கில்லை. அமெரிக்காவின் சார்ள்ஸ் ஒஸ்போர்ன் 1922 முதல் 1990 வரை 68 ஆண்டுகள் விக்கிக்கொண்டே இருந்தார் என்பது பத்தி நிரப்பும் விநோதச் செய்தியாக எத்தனையோ தடவை அச்சேறியிருக்கிறது. அப்பாவே அதைத் திருத்திக் கொடுத்திருக்கிறார், ஆண்டு பிழைத்திருந்ததாம். 1954இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) விக்கலால் வருந்தியபோது அது உலகச் செய்தியானது. பாப்பரசருக்கு வந்தால் வைத்தியர்கள் கூடிப் பேச வேண்டிய நோய், கொட்டாஞ்சேனைக் கிழவருக்கு வந்தால் ஒரு மிடறு தண்ணீர்!

பிறகு என்ன நடந்தது என்பதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். இந்த மடலின் காரணமே அதுதான்.

வாட்டின் மூத்த தாதி ஒருவர், யாருக்கும் கேட்காத குரலில், கீழ்மாடியில் கடும் நோயாளரின் துன்பத்தைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு கிளினிக் ஒன்று நடக்கிறது, அங்குள்ள டொக்டரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றார். போனேன். அந்த டொக்டர் மறுநாள் தானே மேலே ஏறி வந்தார். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு முன் உட்கார்ந்து, ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் விக்கலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். சாப்பிட்டதும் கூடுகிறதா? படுத்தால் கூடுகிறதா? மருந்து ஏற்றிய நாட்களை ஒட்டி வருகிறதா? வயிற்றில் விரலை வைத்துத் தட்டினார். எனக்கே கேட்டது, மத்தளம் போல. மருந்துத் தாளைப் புரட்டி டெக்ஸாமெதசோனைச் சுற்றி வட்டமிட்டார். யூரியா, சோடியம், கல்சியம் பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். குடல் அடைத்திருக்கிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும், அடைத்திருந்தால் நான் நினைக்கும் மருந்து ஆபத்து என்று எனக்கும் விளங்கப்படுத்தினார்.

அடைப்பில்லை. இரைப்பை காலியாகாமல் காற்றும் நீருமாக உப்பிக் கிடந்தது. சாப்பாட்டுக்கு முன், இரைப்பை காலியாக உதவும் மெட்டோகுளோபிரமைட். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை உணவு, நிமிர்ந்து உட்கார்ந்தபடி. புற்றுநோய் நிபுணரோடு பேசி ஸ்டீராய்டின் அளவு குறைக்கப்பட்டது. அதற்கும் அடங்காத மிச்சத்துக்கு, சிறுநீரகம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பக்லோபன் மிகச் சிறிய அளவில். எல்லாம் பழைய மருந்துகள். விலை உயர்ந்தவையும் அல்ல. மலையைப் புரட்டும் வித்தை ஏதும் இல்லை.

விக்கல் முற்றாக நின்றது என்று சொல்லமாட்டேன். சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் வரும், போகும். ஆனால் அப்பா இரவில் தூங்கினார். சித்தப்பாவோடு தொலைபேசியில் பேசினார். நெடுநேரம் பேசினார், காணித் தகராறு ஒன்றைப் பற்றி இருவரும் சண்டையும் பிடித்தார்கள். சில வாரங்களில் அப்பா புற்றுநோயால் இறந்தார். அது யாராலும் தடுக்கக்கூடியதாக இருக்கவில்லை. அதற்கு முந்திய வாரங்களை விக்கலுக்குப் பறிகொடுத்தது தடுக்கக்கூடியதாக இருந்தது.

அந்த டொக்டரும் அப்பாவின் வாட்டும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். நடுவில் இரண்டு மாடிப்படி. ஒரு தாதிக்கு மனம் இரங்கியிராவிட்டால் அந்த மாடிப்படி எங்களுக்குத் தெரிந்திருக்காது. என் முறைப்பாட்டில் நான் சொன்னது இவ்வளவுதான். வாட்டிலிருந்த ஒருவரையும் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

விக்கல் மருந்துகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். ஒரு இளம் டொக்டர் என்னிடம் சொன்னார். உண்மைதான், நானும் தேடி வாசித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மீளாய்வு, இந்தச் சிகிச்சை நல்லது, அது கூடாது என்று சொல்லுமளவுக்குத் தரமான ஆய்வுகள் இல்லை என்றே முடிகிறது. நோய்த்தணிப்புக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 2007இல் வெளியிட்ட சர்வதேச அமைப்பும் விக்கலுக்கு எந்த மருந்தையும் பரிந்துரைக்க முடியவில்லை என்று கைவிரித்தது. அமெரிக்காவில் விக்கலுக்கென்றே அனுமதி பெற்ற ஒரே மருந்து குளோர்புரோமசின். அது கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு அல்ல, அதற்கும் பழையது. முதியவர்களுக்கு இரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கிவிடக்கூடியது. பக்கவாத நோயாளரிடையே பக்லோபனைச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. அவ்வளவுதான் கையிருப்பு.

ஆனால் வயிற்றைத் தட்டிப் பார்க்க ஆதாரம் வேண்டுமா? மருந்துத் தாளைப் புரட்ட ஆதாரம் வேண்டுமா? சோடியம் பார்க்க எந்த ஆய்வின் முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள்? ஆதாரம் குறைவு என்பது கவனமாகத் தெரிவு செய்வதற்குக் காரணம். பாராமல் விடுவதற்கு அது காரணமாகாது. பதிவேட்டில் விக்கல் என்று எழுதாத நாட்டில் ஆதாரம் எங்கிருந்து வரும் என்பதையும் நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று. அப்பாவுக்குச் சுகம் கண்டதைப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுநீரக நோயாளியின் மகன் என்னிடம் ஓடி வந்தார். அவருடைய தந்தைக்கும் விக்கல். அந்த வில்லையின் பெயரை எழுதித் தாருங்கள் அக்கா, வெளியில் பார்மசியில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எழுதிக் கொடுக்கும் நிலையில்தான் இருந்தேன். தற்செயலாக அங்கு வந்த அதே டொக்டர் மறித்துவிட்டார். பக்லோபன் பெரும்பாலும் சிறுநீரகத்தால் வெளியேறுவது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கி, மயக்கம், குழப்பம், சில வேளை சுயநினைவு இழப்பு வரை கொண்டுபோய்விடும். என் அப்பாவைத் தூங்கவைத்த அதே வில்லை பக்கத்துக் கட்டில்காரரை எழும்பாமலே செய்திருக்கலாம். நீங்கள் கவனிக்காத இடத்தில் வெற்றிடம் இருக்காது. கைமருந்தும், கேள்விச் செவியும், பார்மசி முகப்பும் வந்து நிரப்பும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய சனங்கள் நாங்கள். வெளியில் வாங்கிக்கொள்வது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கமே இங்கே ஆபத்து.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவும் நான் ஆயத்தமில்லை. 2014இல் உலக சுகாதார மாநாடு நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சுகாதார சேவையின் பகுதியாக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இலங்கையும் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோய்த்தணிப்பு மூலோபாயச் சட்டகம் ஒன்றை வகுத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. அடுத்ததை எழுதும் மேசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த மேசைக்கு இந்த மடல் போய்ச் சேர வேண்டும். பெரிய கொள்கை வசனங்களுக்கு நடுவில் விக்கல், வாய் உலர்வு, அரிப்பு என்ற சின்னப் பெயர்களும் வேண்டும். சாகக் கிடப்பவரின் நாள் இந்தச் சின்னப் பெயர்களால்தான் நிரம்பியிருக்கிறது.

நான் கேட்பவை இவை.

கடும் நோயாளர் இருக்கும் ஒவ்வொரு வாட்டிலும், காலையில் வலியைக் கேட்கும் அதே மூச்சில் விக்கலையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதைத் தாளில் எழுதுவதற்கு ஒரு கோடு போடுங்கள். 48 மணித்தியாலம் தாண்டிய விக்கலை மருத்துவர் ஒருவர் பரிசோதித்தே ஆக வேண்டும், காரணத்தைத் தேடியதாகப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

அந்தப் பரிசோதனைக்கு ஒரே ஒரு பக்கத்தில் வழிகாட்டி எழுதித் தாருங்கள். உங்களிடம் இருக்கும் நோய்த்தணிப்பு மருத்துவர்களே ஒரு பிற்பகலில் எழுதிவிடுவார்கள். வயிறு, ஈரல், இரத்தப் பரிசோதனை, மருந்துத் தாள் ஆகியவற்றை எந்த ஒழுங்கில் பார்ப்பது, எந்த நோயாளிக்கு எந்த மருந்து கூடாது என்பவை அதில் இருக்கட்டும். சிறுநீரக நோயாளிக்குப் பக்லோபன் பற்றிய எச்சரிக்கை, முதியவருக்குக் குளோர்புரோமசின் பற்றிய எச்சரிக்கை, குடல் அடைப்பில் மெட்டோகுளோபிரமைட் பற்றிய எச்சரிக்கை ஆகிய மூன்றும் தடித்த எழுத்தில் வேண்டும். இறுதி நாட்களில் எதற்கும் அடங்காத விக்கலுக்கு மிடசோலம் போன்ற தூக்க மருந்தால் துன்பத்தைத் தணிப்பது பற்றியும், அதைக் குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பது பற்றியும் அதில் எழுதுங்கள்.

இந்த மருந்துகளை வாட்டிலேயே இருப்பில் வையுங்கள், இரவிலும் எடுக்கக்கூடியவாறு. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த கிளினிக் நாள்வரைக்குமான வில்லைகளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நோய்த்தணிப்புக் குழுவை அழைக்கும் உரிமை வாட்டுத் தாதிக்கும் இருக்கட்டும். நிபுணரின் கையொப்பம் வரும்வரை நோயாளி விக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்தக் குழுவின் வேலை புற்றுநோயோடு நின்றுவிடவும் கூடாது. சிறுநீரக நோயாளரும் பக்கவாத நோயாளரும் இதே அவதியில் கிடக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்காகவும்தான் இதைக் கேட்கிறேன்.

தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிடுங்கள். விக்கல் வந்தால் பரிகாசம் செய்யாதீர்கள், பயமுறுத்தாதீர்கள், விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மற்றவரின் மருந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள், இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று அதில் இருந்தால் போதும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழியாகி 1987 தொடக்கம் எத்தனை ஆண்டு என்று நான் எண்ணிக் காட்டத் தேவையில்லை. பிரசுரத்தின் தமிழை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். என் அப்பா இருந்திருந்தால் இலவசமாகவே திருத்தித் தந்திருப்பார்.

அடுத்த தேசியச் சட்டகத்தின் வரைவை மூன்று மொழியிலும் வெளியிட்டு, நோயாளரின் குடும்பங்களிடமும் கருத்துக் கேளுங்கள். அழைத்தால் வேலையில் லீவு போட்டுவிட்டு நான் வருகிறேன்.

கடைசியாக, வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் உறவினர் இரவில் அழைத்தால் தமிழிலும் பதில் சொல்லக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கத்தை, வீட்டுக்கு அனுப்பும் அட்டையின் மேல் மூலையில், வயதானவர்களும் வாசிக்கும் அளவில் அச்சிடுங்கள். அதை எடுப்பதற்கு ஓர் ஆளையும் நியமியுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகள்